எழுத்தில்லை என்று நான் எழுதிய மண்டபம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் என் வேலை, கல்லில் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவது. கல்வெட்டு ஆபீஸில் படி எடுக்கிற ஆள் என்று சொல்வார்கள். கோயில் சுவரிலோ கிணற்றுக் கல்லிலோ பழைய எழுத்து இருந்தால், கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். காகிதம் அரைவாசி காய்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் ஒத்தினால், எழுத்து வெள்ளையாக நிற்கும், மற்றதெல்லாம் கறுப்பாகும். உரித்துச் சுருட்டி மேலே அனுப்பினால் படித்தவர்கள் வாசித்து அச்சில் போடுவார்கள். பத்து வருஷம் தட்டியதில் எனக்கும் பழைய எழுத்து வாசிக்க வந்துவிட்டது. ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கல்யாணமாகி இரண்டு வருஷம். வீடு அருப்புக்கோட்டையில். அந்த இரண்டு வருஷத்தில் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் இரண்டு மாதம் தேறாது. ஆபீஸில் பாதிப் பேர் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தலையில் எல்லா ஜில்லாவும் விழுந்தது. நான் பெட்டியையும் காகிதச் சுருளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். அரிசி ரேஷன், பஸ் கிடைக்காது, போன இடத்தில் சோறு கிடைக்காது. நடுவில் மலைக்காய்ச்சல் வேறு வந்து, மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாள் உதறிவிட்டுப் போகும். சுவரைப் பார்த்தாலே எழுத்து இருந்துவிடக் கூடாதே என்று நினைக்கிற அளவுக்கு அலுத்துப்போயிருந்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுதான்.

அப்போது ஒரு சித்திரை மாதம், பந்தல்குடிக்குத் தெற்கே தூத்துக்குடி ரோட்டில் இருந்த ஒரு கல்மண்டபத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. ராணுவ லாரிகள் துறைமுகத்துக்குப் போக ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மண்டபம் ரோட்டின் ஓரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. இடித்தால் இடமும் கிடைக்கும், ஜல்லிக்குக் கல்லும் கிடைக்கும். எழுத்து இருந்தால் படி எடுத்துக்கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் இல்லை என்று இரண்டு தாளில் எழுதி, ஒன்றை ரோட்டு வேலைக்காரர்களிடம் கொடுத்துவிட்டு ஒன்றை ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அந்த ரோடு வெள்ளைக்காரன் போட்டது என்று ஜனங்கள் சொல்வார்கள். அவனுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்பே அங்கே பாதை இருந்தது. கடற்கரையிலிருந்து உப்பும் முத்தும், கப்பலில் வந்து இறங்கிய சரக்கும் பொதிமாட்டின் முதுகில் ஏறி மதுரைக்குப் போன பாதை. திரும்பிப் போகும்போது துணியும் மிளகும் போயிருக்கும். பந்தல்குடிக்குத் தெற்கே இறங்கினால் இரண்டு பக்கமும் கரிசல்தான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மரம் என்றால் உடைமரமும் பனையும். அந்த வெட்டவெளியில் யாரோ பன்னிரண்டு கால் நிறுத்தி மேலே பலகைக்கல் பரப்பி வைத்திருந்தார்கள். சுவர் கிடையாது, சாமி கிடையாது. நடக்கிறவன் உட்காருவதற்கு மட்டும் கட்டியது.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். ரோட்டு மேஸ்திரி வந்து கும்பிட்டார். ஐம்பது வயதுக்காரர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர், ஜல்லித் தூசியில் மீசை வெளுத்திருந்தது. மண்டபத்துக்குள் ரோட்டு வேலைப் பெண்களின் தூக்குச்சட்டிகள் வரிசையாக இருந்தன. நான் தூண்களைத் தடவிப் பார்த்தேன். மேலே உத்திரங்களைப் பார்த்தேன். ஒரு தூணில் மீனும் பூவும் செதுக்கியிருந்தது. எழுத்து இல்லை.

அந்த மாதிரி கட்டடங்களில் எழுத்து பெரும்பாலும் அடிப்பீடத்தில்தான் இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அடிப்பீடம் முழுக்க மண்ணுக்குள் இருந்தது. வருஷா வருஷம் ரோட்டுக்கு மண் கொட்டிக் கொட்டித் தரை மேலேறி, மண்டபம் முழங்கால் உயரம் புதைந்திருந்தது.

மேஸ்திரி நான் குனிந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, தோண்டிப் பாக்கணும்னா நாளைக்கு ரெண்டு ஆள விடுறேன். இன்னைக்கு எல்லாரும் தெக்க ஓடைப்பாலத்து வேலையில இருக்காக."

நாளைக்கு என்றால் ராத்திரி பந்தல்குடியில் தங்க வேண்டும். அருப்புக்கோட்டைக்குப் போகிற பஸ் இரண்டு மணிக்கு வரும். அதை விட்டால் மறுநாள்தான். அருப்புக்கோட்டையில் என் மனைவி தனியாக இருந்தாள். அவளுடைய அம்மா தையில் இறந்துபோயிருந்தார். நான் அடக்கத்துக்குக்கூடப் போய்ச்சேரவில்லை, திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஒரு கோயில் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தேன். உடம்பில் காய்ச்சல் வரப்போகிற குளிர் முதுகில் ஏறத் தொடங்கியிருந்தது.

"வேணாம்," என்றேன். "ஒண்ணுமிருக்காது."

"சரிங்கய்யா. நீங்க சொன்னாச் சரி."

அவர் தூக்குச்சட்டிகளை நகர்த்தி எனக்கு எழுத இடம் பண்ணிக் கொடுத்தார். இரண்டு தாளிலும் "எழுத்து ஏதும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனசில் ஒரு சங்கடமும் இல்லை. பஸ் வந்துவிடுமே என்பதுதான் நினைப்பு.

அது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்த வாயுவில் ஓட்டுவார்கள். பந்தல்குடி தாண்டி ஒரு மேட்டில் அது மூச்சு நின்றுபோனது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். காய்ச்சலோடு நானும் தள்ளினேன். வெயில் சாய்கிற நேரத்தில் வீடு வந்து சேர்ந்து, பாயில் விழுந்தவன் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அவள் ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் கஞ்சி குடித்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் லீவு. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, சேர்ந்தாற்போல ஒரு வாரம் வீட்டில் இருந்தேன். காலையில் அவள் பாய் போலச் சுருண்டு கிடந்த என் காகிதங்களை எடுத்து வெயிலில் காயவைப்பாள். மத்தியானம் கம்மஞ்சோறு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வேதக்கோயிலுக்குப் போனோம். ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே நான் தூங்கிவிட்டேன், அவள் முழங்கையால் இடித்தாள்.

அந்த வாரத்தின் கடைசியில் பந்தல்குடி பக்கத்துத் துணி வியாபாரி ஒருவர், முஸ்லிம், எங்கள் தெருவுக்குச் சேலை எடுக்க வருகிறவர், வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மேஸ்திரி சொல்லிவிட்டாக. ஒங்களப் பாத்தா சொல்லச் சொன்னாக. மண்டபத்த இடிச்சிட்டாகளாம். அடியில எழுத்துக்கல்லு வந்திருக்காம். நெறைய வந்திருக்காம். என்ன செய்யன்னு கேக்காக."

அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அந்தக் கல்லுல எழுத்து இல்லேன்னு எழுதுனது நீங்கதான?"

"ஆமா."

"தோண்டிப் பாத்தீகளா?"

"இல்ல."

அவள் மூலையில் இருந்த என் பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "அப்பப் போங்க," என்றாள். "நாளைக்கு இல்ல, இப்பவே போங்க. பஸ்ஸு இல்லேன்னா வண்டியக் கேளுங்க."

"ஒடம்பு முடியலயே."

"முடியலதான். எனக்குத் தெரியாதா? நீங்க எனக்காகத்தான் அன்னைக்குத் தோண்டாம வந்தீகன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கப் போறீக. அத என் தலையில வைக்காதீக."

அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டியை அவளே எடுத்து வைத்தாள். மைக்கட்டி, பிரஷ், மிச்சமிருந்த காகிதம். யுத்தத்தில் நல்ல காகிதம் வருவது நின்றுபோய் மாதங்கள் ஆகியிருந்தன. சுருளில் இருந்தது முப்பது தாளுக்குள்தான். பருத்தி இறக்கிவிட்டுத் திரும்புகிற ஒரு மாட்டுவண்டி பந்தல்குடிக்குப் போனது, அதில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலை அங்கே போய் நின்றபோது மண்டபம் இருந்த இடத்தில் ஆகாயம்தான் இருந்தது. தூண்கள் ரோட்டோரம் படுத்துக் கிடந்தன. அடிப்பீடத்துக் கற்களை உடைத்துப் பெரிய குவியலாகப் போட்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சம்மட்டியால் அவற்றை ஜல்லியாக நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வடக்கே ஒரு பர்லாங் தூரத்துக்குப் புதுசாக ஜல்லி பரப்பி, ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அந்த ஜல்லியின் மேல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். உடைந்த கல்லில் ஓர் எழுத்து தெரிந்தது. நாலடி தள்ளி இன்னொன்று, ஒற்றைக் கொம்பு மட்டும். இன்னொரு இடத்தில் இரண்டு எழுத்து சேர்ந்தாற்போல, புதுசாகச் செதுக்கினதுபோல் சுத்தமாக இருந்தது. மண்ணுக்குள் இருந்ததால் வெயிலும் மழையும் படாமல் அப்படியே இருந்திருக்கிறது. உட்கார்ந்து விரலால் தடவினேன். ரோலர்க்காரன் தூரத்திலிருந்தே, "வெலகுங்கய்யா!" என்று கத்தினான். விலகினேன். இரும்பு உருளை அதன்மேல் ஏறிப் போனது.

மேஸ்திரி வந்து பக்கத்தில் நின்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "மொத நாளு மேல்கல்லத்தான் ஒடைச்சோம். ரெண்டாம் நாளு அடிக்கல்லு. ஒரு பக்கம் முழுசும் ஒடைச்ச பெறகுதான் எனக்குத் தெரிஞ்சுது, கண்ணு சரியில்லீங்கல்ல. அதுவும் நானாப் பாக்கல. அந்தப் பொம்பள சொன்னா." குவியலின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் காட்டினார்.

முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. கழுத்தில் காதில் ஒன்றுமில்லை. அவள் பின்னால் கற்களைச் சின்னதாக அடுக்கி வைத்திருந்தாள். போய்ப் பார்த்தேன். எல்லாம் எழுத்துள்ள கற்கள். உள்ளங்கை அகலத்திலிருந்து முழ நீளம்வரை, நாற்பதுக்கும் மேல் இருக்கும்.

"இதெல்லாம் நீ எடுத்து வச்சதாம்மா?"

"ஆமாய்யா. மத்தவுக ஒடைக்கிறதுல இருந்தும் பொறுக்கிட்டேன். எழுத்துக் கல்ல நான் ஒடைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். மேஸ்திரி வஞ்சாக, பெறகு விட்டுட்டாக."

"ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பெறகு ஏன் எடுத்து வச்சே?"

அவள் சம்மட்டியைக் கீழே வைக்காமலேயே சொன்னாள். ரங்கூனில் அவளும் புருஷனும் நெல்லரைக்கிற மில்லில் வேலை பார்த்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபிறகு கப்பல் கிடைக்காமல் நடந்தே புறப்பட்ட கூட்டத்தில் இவர்களும் சேர்ந்தார்கள். காட்டுக்குள்ளும் மலையிலுமாக எத்தனை நாள் நடந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓரிடத்தில் ஆற்றைத் தாண்டும்போது கூட்டம் பிரிந்து, புருஷன் வேறு பக்கம் போய்விட்டான். வழியில் தங்குகிற கொட்டகைகளில், மரங்களில், பாறையில், முன்னால் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்காகக் கரியால் பேர் எழுதிவைத்துவிட்டுப் போவார்களாம்.

"ஒவ்வொரு எடத்துலயும் வாசிக்கத் தெரிஞ்சவுகளத் தேடி, அவுக பேரு இருக்கான்னு கேப்பேன். சிலவுக வாசிச்சுச் சொல்லுவாக. சிலவுக வாசிக்கக்கூடத் தெம்பு இல்லாமக் கெடப்பாக. ஒரு எடத்துல மழையில பாதி அழிஞ்சு போயிருந்துச்சு. அது அவுக பேரா இருந்திருக்குமோன்னு இன்னைக்கும் தோணும்." நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "யாரோ யாருக்கோ எழுதி வச்சது. நாம எப்பிடி ஒடைக்கிறது?"

நான் பெட்டியைத் திறந்தேன்.

மூன்று நாள் அங்கே வேலை செய்தேன். முதல் வேலை தண்ணீர். கல்லைக் கழுவத் தண்ணீர் வேண்டும், காகிதம் நனைக்கத் தண்ணீர் வேண்டும். மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய கிணறு இருந்தது, தூர்ந்துபோய் அடியில் சேறு மட்டும் இருந்தது. வேலைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் வண்டியில் பீப்பாயில் வரும். அதிலிருந்து ஒரு குடம் எனக்குக் கொடுக்க மேஸ்திரி ஏற்பாடு செய்தார். குடிக்கிற தண்ணீரில் கல்லைக் கழுவுகிறேன் என்று சில பெண்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது.

அடுத்த தொல்லை காற்று. சித்திரை மத்தியானத்தில் அந்தக் கரிசலில் காற்று தரையோடு தரையாக வரும், கொதிக்கிற புழுதியைத் தூக்கிக்கொண்டு. ஈரக் காகிதம் கல்லில் ஒட்டுவதற்கு முன்னால் காய்ந்து எழும்பிவிடும். அதனால் விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரைக்கும், பிறகு நாலு மணிக்கு மேலும்தான் தட்ட முடிந்தது. நடுவில் எந்தக் கல் எந்தக் கல்லோடு சேரும் என்று பொருத்திப் பார்ப்பேன். அந்தப் பெண் தன் சாப்பாட்டு வேளையில் வந்து பக்கத்தில் உட்காருவாள். எழுத்து தெரியாவிட்டாலும் அவள் கண் கூர்மையாக இருந்தது. கல் உடைந்த வாட்டத்தைப் பார்த்தே, "இது இதோட சோடி," என்று எடுத்துக் கொடுப்பாள். பத்தில் ஏழு சரியாக இருக்கும். எனக்கு எழுத்தைப் பார்த்துத் தெரியாதது அவளுக்குக் கல்லைப் பார்த்துத் தெரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் விளங்கியது. ஊர் ஊராகத் திசையெல்லாம் போய் வியாபாரம் செய்கிற வணிகர் கூட்டம் ஒன்று அந்த மண்டபத்தைக் கட்டியிருக்கிறது. அந்த வழியாகப் போகிற ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பங்கு ஒதுக்கி, மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளவும், கிணற்றில் தண்ணீர் இறைத்து வழிப்போக்கர்களுக்கு ஊற்றவும் ஆள் வைத்திருக்கிறார்கள். ஒரு கல்லில் எழுத்துக்குப் பதில் படம் இருந்தது: ஒரு தராசு, ஒரு பை, ஒரு குடை. அது அந்தக் கூட்டத்தின் முத்திரை. ஆனால் எந்த ராஜா காலம் என்று சொல்கிற முதல் வரி இல்லை. எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் என்பது இல்லை. கொடுத்தவர்களின் பேர்கள் பாதிப் பாதியாக நின்றன. அந்தப் பக்கத்துக் கல்தான் ஒரு பர்லாங் ரோடாகப் போயிருந்தது.

"யாரு பேராச்சும் இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கு. பாதி பாதியா."

"வாசிங்க, கேப்போம்."

வாசித்தேன். பாதிப் பேர்களை அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். மற்றப் பெண்களும் சம்மட்டியை வைத்துவிட்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அதுவரை யாரும் நான் வாசித்துக் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் புத்தி மழுங்கி, முழுசாகக் கிடைத்த கடைசி வரியையும் வாசித்துவிட்டேன். பழைய கல்வெட்டுகளின் கடைசியில் வழக்கமாக வருகிறதுதான்: இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பது.

ஒருத்தி எழுந்து தன் சம்மட்டியை எடுத்து, குவியலைத் தொடாமல் தூரத்தில் கொண்டுபோய் வைத்தாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

மறுநாள் காலையில் ஒருவரும் கல்லில் கை வைக்கவில்லை. ரோலர் சும்மா நின்றது. மேஸ்திரி என்னிடம் வந்தார். முதல்முறையாக அவர் குரலில் கோபம் இருந்தது. "ஐயா, நீங்க அத வாசிக்காம இருந்திருக்கலாம். எனக்கு மேல இருந்து வந்து கேட்டாகன்னா நான் என்ன சொல்ல? இதுக எல்லாம் கூலிக்கு வந்த சனங்க. இன்னைக்கு வேல இல்லேன்னா இன்னைக்குக் கஞ்சி இல்ல."

நான் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போகவில்லை.

"ஒடைச்சது ஒங்க தப்பு இல்ல," என்றேன். "ஒடைக்கலாம்னு எழுதிக் குடுத்தது நான். தோண்டிப் பாக்கவான்னு மேஸ்திரி கேட்டாரு. வேணாம்னு சொன்னேன். வீட்டுக்குப் போற பஸ்ஸுக்காகச் சொன்னேன். பாவம்னு ஒண்ணு இருந்தா அது எனக்குத்தான்."

நான் வேதக்காரன், ஏசுவைக் கும்பிடுகிறவன். காராம்பசுவின் பாவம் எனக்கு வருமா வராதா என்று யாரும் விவாதிக்கவில்லை. ஒரு வயசான பெண் மட்டும், "படிச்சவுக இப்பிடிச் செய்யலாமா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்போது பர்மாவிலிருந்து வந்தவள் எழுந்தாள். "பாவத்தப் பாத்தா நான் ஊரு வந்து சேந்திருக்க மாட்டேன்," என்றாள். "அந்தப் பாதையில தண்ணி தண்ணின்னு கையப் புடிச்சவுகள ஒதறிட்டுத்தான் வந்தேன். என்கிட்டயும் இல்ல, என்ன செய்ய? அலுத்துப்போன மனுசன் செய்யிறதுதான்." என் பக்கம் திரும்பவில்லை. தூரத்தில் கிடந்த தன் சம்மட்டியை எடுத்து வந்து, எழுத்தில்லாத ஒரு கல்லாகப் பார்த்துப் பொறுக்கி, அதன்மேல் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வந்தார்கள். அன்று பகல் முழுவதும் எந்தக் கல்லை எடுத்தாலும் முதலில் என்னிடம் காட்டிவிட்டுத்தான் உடைத்தார்கள். இன்னும் ஆறு துண்டு கிடைத்தது. காகிதம் தீர்ந்துபோனது. கடைசி நாலு கல்லை ஒரு பழைய நோட்டில் கையால் பார்த்து எழுதிக்கொண்டேன்.

புறப்படும்போது அவள் ஒரு உதவி கேட்டாள். பர்மாவிலிருந்து வந்தவர்களின் விவரம் வைத்திருக்கிற சர்க்கார் ஆபீஸுக்குப் புருஷனைப் பற்றி ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். எழுதினேன். பேர், வயசு, அங்க அடையாளம், எந்த ஆற்றங்கரையில் பிரிந்தார்கள் என்பது. ஆற்றின் பேர் அவளுக்குத் தெரியவில்லை. "பெரிய ஆறு, செவத்த தண்ணி" என்றாள். அப்படியே எழுதினேன். பதில் பந்தல்குடி தபாலாபீஸுக்கு வரும்படி போட்டேன்.

ஆபீஸுக்குப் போய் என் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். வயதானவர். அவரும் களைத்துப்போயிருந்தார். ஒட்டுப்போட்ட காகிதங்களை மேஜைமேல் விரித்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "முழுசாக் கெடைச்சிருந்தா இந்தப் பாதையப் பத்தி எவ்வளவோ தெரிஞ்சிருக்கும்," என்றார்.

தவறு என்னுடையது என்று எழுதி ஒரு தாளைக் கூட வைத்திருந்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதச் சேத்தா ஒனக்கு வேல போகும். எனக்கு ஆளு இல்ல. சிதைஞ்ச கல்வெட்டுன்னு போடுறேன்."

"எப்படிச் சிதைஞ்சதுன்னு கேப்பாங்களே?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க," என்றார்.

அப்படித்தான் ஆனது. யுத்தம் முடிந்த பிறகு அச்சில் வந்தது. நாலு வரிக் குறிப்பு. இடம், வணிகர் கூட்டம், மண்டபம், தண்ணீர்த் தர்மம், சிதைந்தது, காலம் தெரியவில்லை. நான் வேலையில் தொடர்ந்தேன். தண்டனை கிடைக்கவில்லை என்பதால் நிம்மதி கிடைத்தது என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஒரு சின்ன மண்வெட்டியைப் பெட்டியோடு கட்டிக்கொண்டு போனேன். ஆள் கிடைக்காத இடத்தில் நானே வெட்டினேன். பல இடங்களில் ஒன்றும் இருக்காது. திருச்சுழிப் பக்கம் ஒருமுறை கண்மாய்க் கரையில் ஒரு கல்லின் அடியை ஒரு பகல் முழுக்கத் தோண்டினேன். வழவழவென்று வெறும் கல். அதையும் எழுதினேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், மழை இல்லாத ஒரு புரட்டாசியில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திரும்பும்போது அந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மனைவி அப்போது மூத்தவளைப் பெற்றிருந்தாள், சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள். இருந்தாலும் இறங்கினேன். ரோடு தார் போட்டுப் பளபளவென்று இருந்தது. மண்டபம் எங்கே இருந்தது என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. ரோட்டு வேலை ஆட்கள் யாரையும் காணவில்லை. ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் விசாரித்தேன். மேஸ்திரி இறந்துவிட்டார் என்றார். பர்மாக்காரியைத் தெரியும் என்றார். அவள் தபாலாபீஸுக்கு ரொம்ப நாள் வந்துகொண்டிருந்தாளாம். பிறகு மதுரையில் மில் வேலைக்குப் போய்விட்டாளாம். பதில் ஏதாவது வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றேன். வெயில் உச்சியில் இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு மாட்டுவண்டி அவிழ்த்துப் போட்டிருந்தது. அதன் அடியில் ஒரு புருஷன் பெண்சாதி, சந்தைக்குப் போகிறவர்கள், மிளகாய் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இங்கன ஒரு கல்மண்டபம் இருந்துச்சே, எங்க போச்சு?"

"இடிச்சிட்டாங்க," என்றேன். பிறகு, "இடிக்கலாம்னு எழுதிக் குடுத்தது நான்தான்," என்றும் சொன்னேன்.

அவருக்கு அது சரியாகக் காதில் விழுந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. மனைவியைப் பார்த்துத் தள்ளி உட்காரச் சொன்னார். "வெயில்ல நிக்காதீக, வாங்க," என்றார்.

நான் குனிந்து வண்டிக்கு அடியில் போய், மூட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. பஸ் வர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள்.